குவேசாரும் ஊதாகடந்த ஒளியும்

எட்டாத பொருளின் இயல்பை அளந்து கூறுதல் இயலுமோ என்று ஐயுறுவார் பலர். இயலும் என்பதற்குக் குவேசார்களே சான்றாகும். 1963-ஆம் ஆண்டில் மார்ட்டன் ஷ்மிட் என்னும் வானநூலறிஞர், நட்சத்திரம்போலத் தோன்றிய 3சி 273 என்னும் ஒளிப்புள்ளியின் நிறமாலையை ஆராய்ந்தார். அதிலுள்ள கோடுகள் ஹைட்ரஜனுக்கு உரியனவே என்றும், அவற்றின் அலைநீளம் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பங்கு மிகுந்து சிவப்புப்புறமாகப் பெயர்ந்துள்ளது என்றும் கண்டார். அது மிகத் தொலைவிலுள்ள ஒரு நட்சத்திர மண்டலத்தின் மையம் என்பது பின்னர் விளங்கிற்று.

அம்மையத்தைச் சூழ்ந்த வாயுவில் எம்மூலகம் எவ்வளவு உண்டென அறிவது எங்ஙனம்? அதற்கு உதவும் சிறந்த கோடுகள் ஊதாகடந்த ஒளியில் உள்ளன: நைட்ரஜனுக்கு 1240 அங்ஸ்ட்ராம், கரிக்கு 1549, ஹீலியத்துக்கு 1640. முன்னைய நட்சத்திரங்கள் ஆக்கிவைத்த கரியையும் பிராணவாயுவையும் முதலாகக் கொண்டே பிந்திய நட்சத்திரங்களில் நைட்ரஜன் பெரிதும் விளைகின்றது. ஆதலின், வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல அது விரைந்து பெருகும். கரிக்கோட்டினும் நைட்ரஜன் கோடு ஓங்குமாயின், அவ்வாயு பல தலைமுறை நட்சத்திரங்களைக் கண்டதெனக் கருதலாம். எனினும், வாயுவின் அடர்த்தியும் அதன்மேற் படும் ஒளியின் இயல்பும் கோட்டின் வலிமையை மாற்றுமாதலின், கணக்கிடுவோர்க்கு எச்சரிக்கை வேண்டும்.

மிகத் தொலைவிலுள்ள குவேசார்களின் கோடுகள் பெயர்ந்து கண்காணும் ஒளியில் வந்து விழுதலின், அவற்றை நிலத்திலிருந்தே அளக்கலாம். பிரபஞ்சம் 200 கோடி ஆண்டும் நிரம்பாத காலத்துக் குவேசார்களிலும், சூரியனில் உள்ள அளவுக்கு நிகராகவோ மிகுதியாகவோ கனமூலகங்கள் இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆயின், அண்மையிலுள்ளவற்றையும் அதே கோலால் அளந்தாலன்றி, இடையில் நேர்ந்த மாறுதலை நாம் எங்ஙனம் உணர்வோம்? அவற்றின் ஊதாகடந்த ஒளியையோ நம் வாயுமண்டலத்து ஓசோன் தடுத்துவிடுகின்றது. விண்ணிலேறியே அதனைக் காணவேண்டும்.

1978-இல் ஏவப்பெற்ற சர்வதேச ஊதாகடந்த ஆராய்ச்சித் துணைக்கோள் 1996 வரை அப்பணியைச் செய்தது. 1990-இல் ஏவப்பெற்ற ஹப்பிள் தொலைநோக்கியை வீரர்கள் சென்று இறுதியாகச் செப்பனிட்டது 2009-இல். 2024-இல் அது ஒற்றைச் சுழல்மானியைக்கொண்டு இயங்கும் நிலைக்கு வந்தது. 2021-இல் ஏவப்பெற்ற ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ சிவப்புப்புறத்தை நோக்க அமைந்ததேயன்றி, ஊதாகடந்த ஒளியைக் காணாது.

புதிய கண் திறக்குமுன் பழைய கண் மூடிவிடலாகாது. ஊதாகடந்த ஒளிக்கெனப் பெரிய விண்தொலைநோக்கி ஒன்று தாமதமின்றி அமைதல் வேண்டுமென்பதே நம் கருத்து. இதனால் யாது பயன் என்பார்க்கு, நம் உடலிலுள்ள கரியும் நைட்ரஜனும் வந்த வழியை அறிவது பயனன்றோ என்போம். அளக்கத் தக்கதை அளவாது, ஊகத்தோடு அமைந்துவிடுதல் கல்விக்கு அழகன்று.