இரவல் சந்தா

சகோதரிகளே! காசு கொடுத்து வாங்கிய பத்திரிகையை வீதி முழுவதும் இரவல் கொடுத்தாலும் கேட்பாரில்லை. காகிதம் உங்கள் சொத்து. கைப்பேசியில் படிக்கும் பத்திரிகை அப்படியல்ல. அங்கே நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டுமே. எத்தனை கருவிகளில் கணக்குத் திறந்திருக்கிறது என்று பல நிறுவனங்கள் எண்ணிக் கொண்டேயிருக்கின்றன. வரம்பு மீறினால், ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியேற வேண்டியதுதான்!

படம் காட்டும் நெட்ஃபிளிக்ஸைப் பாருங்கள். கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்று 2017-இல் கொஞ்சியது. 2023 ஜூலையில், ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கே என்று இந்தியாவிலும் கதவைச் சாத்திவிட்டது. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பெண், அதன் கணக்கில் நம் வீட்டாரல்ல!

கோபம் வருகிறதல்லவா? ஆனால் செய்தி சேகரிப்பவருக்கும் வயிறு உண்டே! ஆகையால் சந்தா கட்டுமுன், எத்தனை பேர், எத்தனை கருவி என்று விசாரியுங்கள். குடும்பச் சந்தா இருந்தால் அதையே எடுங்கள்.

இன்னொன்று. அடுத்த வீட்டு மாமிக்குச் சொன்ன கடவுச்சொல்லே உங்கள் பாங்குக் கணக்குக்கும் இருக்கிறதா? இன்றே மாற்றிவிடுங்கள். பத்திரிகையை இரவல் தரலாம். பெட்டிச் சாவியைத் தரலாமா?