வாழை செழித்த கதை

போன ஆவணியிலிருந்தே எங்கள் கொல்லையில் வாழை அப்படிச் செழித்துக் கிடந்தது. அறுக்க அறுக்க இலை வந்தது. "என் கைராசி" என்று மனைவி தெரு முழுக்கக் கொடுத்தாள். ஐப்பசி அடைமழையில் குளியலறைச் சல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலேறி வந்தபோதுதான் அது யார் கைராசி என்று புரிந்தது. வாழைக்குப் பக்கத்தில்தான் செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி.

அறிகுறி இல்லாமல் இல்லை. கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்க யோசித்தது. குழாய்க்குள் 'களக் களக்' என்று சத்தம். சாயங்காலக் காற்றில் ஒரு வாடை. மழை இல்லாத நாளிலும் அந்த இடத்து மண் மட்டும் சொதசொதவென்று இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லிச் சமாளித்தோம்.

"டேங்க் ரொம்பிப்போச்சு" என்று சொல்லித்தான் லாரியைக் கூப்பிட்டேன். வந்தவர் மூடியை நகர்த்திப் பார்த்துச் சிரித்தார். "டேங்க் எப்பவும் ரொம்பித்தான் சார் இருக்கும். உள்ள போற அளவு தண்ணி வெளிய போகணும். உங்க வீட்டுல வெளிய போகலை."

கசடு அடியில் படியும், பிசுக்கு மேலே மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் குழிக்குப் போகும். கசடு ஏற ஏற நடுவில் இடம் குறுகும். பிறகு கசடே வெளியேறி மண்ணின் துளைகளை அடைத்துவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது கணக்கு. நாங்கள் 11 வருடம் விட்டுவிட்டோம். போதாததற்கு, கழிப்பறைப் பளபளப்புக்காக வாராவாரம் ஆசிட் ஊற்றி, கசடைத் தின்னும் நுண்ணுயிர்களையும் கொன்றோம்.

இந்த செப்டிக் டேங்க் ஏற்பாட்டுக்கு 1881-இல் காப்புரிமை வாங்கியவர் மூரா என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. ஆனால் அரசலாற்றுக்கும் கடலுக்கும் நடுவே வாழ்கிற எங்களை அவர் நினைத்திருக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மண்வெட்டி இறங்கினால் தண்ணீர். குழி எதை, எங்கே உறிஞ்சும்?

"அடியில கெட்டியா இருக்கு, பையனை இறக்கிடவா?" என்றார் லாரிக்காரர். பதறிப்போய் வேண்டாம் என்றேன். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் இறக்குவதை 2013 சட்டம் தடுக்கிறது. அப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. தண்ணீர் பாய்ச்சிக் கலக்கி, குழாயாலேயே உறிஞ்சினார்கள். அரைமணி நேரம் கூடிற்று, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி 2022 ஜூலை ஞாபகம் வந்தது. மாங்கனித் திருவிழா நெருங்கிய நேரம். ஊரில் வயிற்றுப்போக்கு பரவி, சிலருக்குக் காலரா என்று உறுதியாகி, பொதுச் சுகாதார அவசர நிலை அறிவித்தார்கள். பள்ளிகளை மூடினார்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார்கள். குடிநீரில் கழிவு கலந்ததா என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. நானும் திண்ணையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டினேன். 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலராவால் 600 பேருக்கு மேல் செத்தார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, ஊர் குடித்த கிணற்றுக்கு மூன்றடிக்குள் ஒரு வீட்டின் கழிவுக்குழி, கட்டுமானம் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்கலாம்.

காலையில் காலடி வைத்து அளந்தேன். எங்கள் குழிக்கும் பக்கத்து வீட்டு அடிபம்புக்கும் ஒன்பது எட்டு. இருக்க வேண்டிய தூரம் 18 மீட்டர். போய்ச் சொன்னேன். அந்த அக்கா பம்பைப் பார்த்தார், பிறகு என்னை. "குடிக்கிறதில்லை தம்பி. பாத்திரம் கழுவுறதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வாழை இலை கேட்டு வருவதில்லை.