கவுரவம் காரில் இல்லை!

இரண்டு ஆண்டு கழித்து அப்பா துபாயிலிருந்து வருகிறார். அழைத்துவரக் குடும்பமே சென்னை விமான நிலையம் போகிறது. "திரும்பும்போது கார்தான், இல்லாவிட்டால் கவுரவம் என்ன ஆகும்?" என்கிறார் மாமா!

யோசித்துப் பாருங்கள். சாலையின் எதிர்ப்புறமே திரிசூலம் ரயில் நிலையம். எழும்பூருக்கு மின்சார ரயிலில் இரண்டாம் வகுப்பில் ஆளுக்குப் பத்து ரூபாய் தாண்டாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம்.

பெட்டிகள் அதிகமா? பாட்டியும் உடன் வருகிறாரா? விமான நிலையத்திலேயே மெட்ரோ ரயில் இருக்கிறது. லிப்ட் உண்டு. சென்ட்ரலுக்கு நேரே போகலாம். 70 ரூபாயாக இருந்த அதிகபட்சக் கட்டணம் 2021-ல் 50 ஆகக் குறைக்கப்பட்டது.

நள்ளிரவில் இறங்கினால் கார் பிடியுங்கள், தவறில்லை. பகலில் எதற்கு?

அப்பா வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் அது. வீட்டு வாசலில் கார் நிற்கும் ஒரு நிமிடப் பெருமைக்காக அதைக் கரைக்கலாமா? மிச்சப்படுத்திப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குங்கள். கவுரவம் அதில்தான் இருக்கிறது!