பெட்டியின் வயிறும் குழாயின் நீளமும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் நம் இளைஞர் சிலர், காருக்குச் சப்வூஃபர் பெட்டியை ஆசாரியிடம் செய்வித்துக்கொள்கின்றனர். ஒலிபெருக்கியை விலைகொடுத்து வாங்கிவிட்டு, பெட்டியின் அளவை மட்டும் நண்பர் காரைப் பார்த்துக் குறித்துக்கொள்கின்றனர். பணம் வீணாவது அங்கேதான்.

சீசாவின் வாயில் ஊதினால் ஒரே சுருதி எழும். சிறிது நீர் வார்த்து ஊதினால் சுருதி ஏறும். காற்றுக் குழாய் வைத்த பெட்டியும் அத்தகையதே. குழாயை நீட்டினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும். ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-இல் இத்தகைய பெட்டிகளுக்கு விரிவான கணக்கு வகுத்தளித்தார். உள்ளே 50 லிட்டர் காற்றுள்ள பெட்டியில், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் 35 ஹெர்ட்ஸில் ஒலிக்க, ஏறக்குறைய 31 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். குழாயும் ஒலிபெருக்கியின் பின்பாகமும் அடைக்கும் இடம் இந்த 50-இல் சேராது. (ஆசாரி வெளியளவைத்தான் கேட்பார், உள்ளளவையே கொடுங்கள்.)

அச்சுருதிக்குக் கீழான ஒலியில் பெட்டிக் காற்று கூம்பைத் தாங்குவதில்லை. கூம்பு மிகையாக ஆடி, ஒலிபெருக்கியே பழுதாகக்கூடும். ஆகவே அவ்வொலிகளை ஆம்ப்ளிஃபயரிலேயே தடுத்துவிட வேண்டும்.

பொங்கலுக்குச் சேலம் செல்வோர், டிக்கியில் மூட்டைகளை அடுக்கும்போது குழாய் வாயின் முன் ஒரு சாண் இடமாவது விட்டுவையுங்கள்.