மாத்திரையை மட்டும் சந்தேகிக்கிறோம்

கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்ற பேச்சை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. ஸ்டாட்டின் மாத்திரைகள் உடலில் கொலஸ்ட்ரால் உருவாவதைத் தடுக்கின்றன. ஆணின் டெஸ்டோஸ்டீரோனோ அந்தக் கொலஸ்ட்ராலிலிருந்துதான் உருவாகிறது. மூலப்பொருள் குறைந்தால் ஹார்மோனும் குறையாதா என்று கேட்பது நியாயமே. குறையத்தான் செய்கிறது, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து ஆய்வுகளில் பங்கேற்ற 501 ஆண்களின் முடிவுகளை 2013இல் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக லிட்டருக்கு 0.66 நானோமோல் குறைந்திருந்தது. ஆரோக்கியமான ஆணுக்கு அது ஏறத்தாழ 10 முதல் 30 வரை இருக்கும் என்பதால், பெரும்பாலோர் இந்தக் குறைவை உணரக்கூட மாட்டார்கள். விறைப்புக் குறைபாடு பற்றிய 11 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை, மாத்திரை எடுத்தவர்களின் நிலை தேறியதாகவே சொன்னது. ரத்தக்குழாய் சீரானால் அங்கும் ரத்தம் ஓடும் அல்லவா!

இதற்கு எதிரான சான்றும் உண்டு. பிரான்சில் 17 ஆரோக்கியமான ஆண்கள் ஐந்து மாதம் தினமும் 10 மில்லிகிராம் அடார்வாஸ்டாட்டின் எடுத்தபோது மொத்த விந்தணு எண்ணிக்கை 31 சதவீதம் குறைந்தது. ஆய்வு சிறியது, ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாதது. குழந்தைக்காகக் காத்திருக்கும் இளைஞர் இதை மருத்துவரிடம் கேட்டுத் தெளியலாம். மாரடைப்பு கண்ட ஐம்பது வயதுக்காரர் மாத்திரையை நிறுத்த இது காரணமாகாது. பிரியாணியை விடாமல் மாத்திரையை விடுகிறவர்களுக்கு வேறென்ன சொல்ல? வேலூரின் நகரத்திலும் கிராமத்திலும் இருபதாண்டு இடைவெளியில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் நடத்திய கணக்கெடுப்புகள் சர்க்கரை நோயும் உடல் எடையும் ஏறுவதைக் காட்டின. ஸ்டாட்டின் தேவைப்படுவோர் இங்கே இன்னும் கூடத்தான் போகிறார்கள்.

மாத்திரையிடம் இவ்வளவு கேள்வி கேட்கிற நாம், குரோமியம் கொண்டு தோல் பதனிடும் டேனரியிடம் ஏன் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரங்குகளுக்கு ஆறு மாதம் ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த குடிநீர் கொடுத்தபோது விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன. 2006இல் இது வெளியானது. அதற்கு முன் 2003இல், நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் ஆட்பட்ட 57 தென்னிந்திய வெல்டர்களின் விந்தணுச் செறிவு மில்லிலிட்டருக்குச் சராசரி 1.45 கோடி என்றும், ஒப்பீட்டுக் குழுவினருக்கு 6.28 கோடி என்றும் பதிவானது. இன்னொரு பொருள் டைமெத்தில் ஃபார்மமைடு. தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் பிரிவில் பயன்பட்ட கரைப்பான் இது. இதற்கு ஆட்பட்ட அமெரிக்கத் தோல் தொழிலாளர் சிலருக்கு விரைப் புற்றுநோய் வந்ததை 1987இல் லான்செட் இதழ் வெளியிட்டது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2018இல் இதை ‘அநேகமாகப் புற்றுநோய் விளைவிப்பது’ என்று வகைப்படுத்தியது.

பதனிடுவது மூன்று இணைதிறன் குரோமியத்தில்தானே, அது உடலில் எளிதில் ஏறாதே என்று ஆலைத்தரப்பு சொல்லும். சரிதான். குரங்குகளுக்குக் கொடுத்த அளவும் மிக அதிகம். வெல்டர்களைச் சூடும் பாதித்திருக்கும். ஆகவே ஆம்பூர் டேனரித் தொழிலாளிக்கு இன்ன பாதிப்பு என்று இவற்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மூன்று இணைதிறன் குரோமியம் சில சூழல்களில் ஆறு இணைதிறன் வகையாக மாறும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மலையோ ஆறு இணைதிறன் வகையே. தீர்ப்பு எழுத முடியாத இடத்தில் பரிசோதனையாவது வேண்டும். டேனரி மாசு தொடர்பான வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முன்னெச்சரிக்கைக் கோட்பாடு சொல்வது அதுதான்: அறிவியல் உறுதி இல்லை என்பதைத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் காரணமாக்கக் கூடாது. அந்த வழக்கு பாலாற்றுக்கும் பாழான நிலத்துக்கும் கணக்குக் கேட்டது. தோல் பதனிடும் டிரம்மருகே நிற்பவரின் உடம்பு அந்தக் கணக்கில் வரவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் குரோமியப் புண் இருந்தது, மலட்டுத்தன்மை இருக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லத் தொழிலாளர் கூச்சப்படுவார்கள் என்பார்கள். எடுத்த எடுப்பில் விந்துப் பரிசோதனை வேண்டாம். திருமணமாகி எத்தனை ஆண்டில் குழந்தை, மனைவிக்குக் கருச்சிதைவு உண்டா, எந்தப் பிரிவில் வேலை, புகை, மது, என்னென்ன மாத்திரை என்று ஆண்டுப் பரிசோதனையில் ரகசியமாகக் கேட்டுப் பதியலாம். சந்தேகம் இருந்தால், சம்மதத்தோடு அடுத்த கட்டம். காலத்தில் கண்டுபிடிப்பதால் பயன் உண்டு: அதே குரங்குகளுக்குக் குரோமியத்தை நிறுத்திய ஆறு மாதத்தில் விந்தணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பின. தந்தையாக விரும்பும் தொழிலாளியைச் சம்பளம் குறையாமல் ஆறு மாதம் வேறு பிரிவுக்கு மாற்றுவது எந்த ஏற்றுமதி நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாத செலவல்ல.