கொசுறுக்குக் கொஞ்சம் மரியாதை

காய்கறிக் கடையில் பேரம் முடிந்து பையைத் தூக்கும் சமயத்தில், "கொஞ்சம் கொத்தமல்லி, கறிவேப்பிலை போடுப்பா" என்று கேட்காத பெண்மணி நம் பட்டணத்தில் உண்டா? அது ஏதோ நமது பிறப்புரிமை மாதிரி! கடைக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் நாலு காம்பு மல்லியையும் பையின் மேலே செருகிவிடுவார். கொசுறு என்ற அந்தஸ்தோடு வீட்டுக்குள் நுழைவதாலோ என்னவோ, வீட்டிலும் அதற்குக் கொசுறு மரியாதைதான். உருளைக்கிழங்கு கூடைக்குப் போகும், கத்தரிக்காய் தட்டுக்குப் போகும். மல்லி மட்டும் வந்த பையோடு குளிர்சாதனப் பெட்டியின் மூலையில் கிடக்கும். மூன்றாம் நாள் ரசத்துக்குத் தேடினால், கறுத்துக் குழைந்து கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஐப்பசி, கார்த்திகை மழை வரட்டும், அப்போது தெரியும் அதன் அருமை. கொசுறு என்ற பேச்சையே கடைக்காரர் எடுக்க விடமாட்டார். காசு கொடுத்து வாங்கிய கட்டில் பாதியைக் குப்பைக்குப் போட யாருக்குத்தான் மனசு வரும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓசூர்ப் பக்கமும் கோலார்ப் பக்கமும் விளைகிற கொத்தமல்லி, பெங்களூர் நெடுஞ்சாலையில் ராத்திரி லாரி ஏறி வருகிறது. பூந்தமல்லியைத் தாண்டித்தான் கோயம்பேட்டுக்குப் போகவேண்டும். அங்கே இறங்கி, விலை பேசி, சின்ன வண்டியில் ஏறி, விடிந்ததும் மறுபடி பூந்தமல்லிக்கே வந்து சேருகிறது! கொரோனாவுக்காகக் கோயம்பேடு சந்தையை மூடியபோது, 2020 மே மாதம் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். செப்டம்பரில் கோயம்பேடு திறக்கும் வரையில் சந்தை நம் வாசலில் இருந்தது. ஆனால் அப்போது நாம்தான் வாசலைத் தாண்ட முடியாமல் இருந்தோம். ஒரு கட்டு மல்லியை ஒரு வாரத்துக்கு இழுத்துப் பிடிக்கும் வித்தையை அந்த நாட்களில்தான் அநேக வீடுகள் கற்றுக்கொண்டன.

ஆக, நம் கைக்கு வரும்போதே மல்லி பறித்து ஒரு நாள் போல ஆகியிருக்கிறது. பிரயாணக் களைப்பு வேறு. பறித்துவிட்டதால் இலை செத்துப்போய்விடவில்லை. அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூச்சு விட விடத் தனக்குள் இருக்கும் சர்க்கரைச் சத்தைச் செலவழிக்கிறது. கூடவே ஈரத்தையும் இழக்கிறது. குளிரில் வைத்தால் மூச்சு மெதுவாகிறது, ஆயுள் நீளுகிறது. இறுக்க முடிச்சுப் போட்ட பையில் வைத்தாலோ, அது விட்ட ஈரமே உள்ளே வியர்வையாகத் திரண்டு இலையை அழுக வைக்கிறது.

கடைக்காரர் ஓயாமல் தண்ணீர் தெளிக்கிறாரே என்று கேட்பீர்கள். தெருவில் அது மருந்து. நம் பக்கம் கடற்காற்று வந்து சேர வெகு நேரமாகும். சித்திரை வெயிலில் தண்ணீர் தெளிக்காவிட்டால் மல்லி மத்தியானத்துக்குள் சருகாகிவிடும். ஆனால் அதே ஈரத்தோடு மூடிய டப்பாவில் போட்டால் அதுவே விஷம். ஆகையால் வாங்கி வந்த அன்றைக்கே பத்து நிமிஷம் இதற்கு ஒதுக்க வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து, ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஏழு மணிக்கு வீடு வந்து சேருகிறவளுக்கு அந்தப் பத்து நிமிஷம் ஏது என்றால், நியாயமான கேள்விதான். டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருக்கிற கணவருக்குக் கை இரண்டும் சும்மாதானே இருக்கிறது?

கட்டை அவிழ்த்து, அழுகின இலை, மஞ்சள் இலை எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எறியுங்கள். ஒரு கெட்ட இலை பக்கத்து இலையையும் கெடுத்துவிடும். பிறகு ஒரு பழைய வேட்டித் துண்டின் மேல் பரப்பி, விசிறிக் காற்றில் மேல் ஈரம் போகும் வரை விடுங்கள். வாடும் வரை அல்ல. வேரை நறுக்கிவிட்டு, காகிதத்திலோ மெல்லிய பருத்தித் துணியிலோ சுற்றி, டப்பாவில் அமுக்காமல் வையுங்கள். துணி நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும். இன்னொரு முறையும் உண்டு: வேரை நறுக்காமல் மண் போகக் கழுவி, பூங்கொத்து மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் நிற்க வைத்து, மேலே லேசாக ஒரு பையைக் கவிழ்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது. இரண்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும். இடம் அதிகம் அடைக்கும் என்பதைத் தவிர இதில் குறை சொல்வதற்கில்லை. எப்படி வைத்தாலும் சமைக்கப் போகும்போதுதான் இலையைக் கழுவுங்கள்.

புதினாவுக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் அது தொட்டாற்சுருங்கி; கசக்கினால் கசங்கின இடமெல்லாம் கறுத்துப்போகும். இலையை ஆய்ந்த பிறகு தடித்த காம்புகளைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். சில நாளில் வேர் விடும், தொட்டியில் நட்டுவிடலாம்.

கறிவேப்பிலை இவர்களில் பரம சாது. ஈர்க்கிலிருந்து உருவி, நன்றாக ஈரம் போக்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். உறைய வைத்தாலும் பாதகமில்லை. எடுத்ததை அப்படியே தாளிப்பில் போடலாம். எண்ணெய் படபடவென்று தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். வெயிலில் காயவைத்துப் பொடி பண்ணுவதை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணம் பெரும்பாலும் வெயிலோடு போய்விடுகிறது.

எல்லா இலைக்கும் குளிர் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் பூஜ்ய டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும் குளிர் பிடிக்கும். துளசி, திருநீற்றுப்பச்சிலை, வெற்றிலை இவையெல்லாம் உஷ்ணப் பிரதேசத்துக்காரர்கள். பெட்டிக்குள் வைத்தால் கறுத்துப்போகும். வெற்றிலைக்குப் பாட்டி காலத்து ஈரத்துணியே போதும். இன்னொரு சமாசாரம்: பழுத்த வாழைப்பழம், மாம்பழம், தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. பழம் பழுப்பதற்கு ஒத்தாசை செய்யும் அதே வாயு கீரையை மஞ்சளடிக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் குடிவைக்காதீர்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் வழி உண்டு. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடுகிறது. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் இந்தப் பானைகளை ஏராளமான கிராமத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, கீரையும் காயும் வீணாகாமல் தடுத்தார். நம் ஊர் அக்கினி நட்சத்திரத்துக்கும் இது பலிக்கும். மழைக் காலத்தில்தான் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கத்துத் தெருக்களில் வெள்ளம் நின்று, மின்சாரமும் போயிற்றே, நினைவிருக்கிறதா? குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரியாகிவிட்டது. புயல் எச்சரிக்கை வந்ததுமே கையில் இருக்கிற மல்லியைக் கழுவித் துடைத்து, புளி, மிளகாய், உப்போடு அரைத்து, நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காகக் கிளறிவிடுங்கள். எண்ணெய் மேலே நிற்க வேண்டும். ஈரக் கரண்டி படக்கூடாது. மின்சாரம் திரும்பி வரும்வரை, சூடான சாதத்துக்கு அதுவே குழம்பு, அதுவே கறி.