தாங்கி என்பது தகுமா?

வினையூக்கி பற்றிய வேதியல் நூல்களில், ஊக்கியைச் சுமக்கும் பரப்பினைத் ‘தாங்கி’ என்று எழுதுகின்றனர். சொல் தமிழ்ச்சொல்லே, ஆயினும் மாழைப் பரப்புக்கு அது பொருந்துவதன்று. தாங்குதல் சுவரின் தொழில். தன்மேல் தொங்கும் ஓவியத்தின் நிறத்தைச் சுவர் மாற்றுவதில்லை. மாழையோ தன்மேல் அமர்ந்த மூலக்கூற்றின் இயல்பையே மாற்றிவிடுகின்றது.

குருதிக்குச் செம்மை தரும் போர்பிரின் வளையத்தை எண்ணுக. நடுவே ஓர் இரும்பணு. அதனைச் சுற்றிலும் நான்கு நைட்ரசன் அணுக்கள் பற்றியுள்ளன. கீழிருந்து இசுட்டிடின் என்னும் புரதவுறுப்பு ஐந்தாவதாய்ப் பற்றுகின்றது. மேலே உயிர்வளி வந்தமர்கின்றது. கீழ்ப்பிடியின் தன்மைக்கேற்பவே மேற்பிடியும் அமையும்.

இரும்புக்கு மாறாகக் கோபால்ட்டு அமைந்த வளையத்தை வெள்ளியின்மேல் படியவைத்தால் என்னாகும்? செருமானியத்தின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தார் இதனை ஆய்ந்து 2011-இல் விரிவாக வெளியிட்டனர். வெள்ளியிலிருந்து எதிர்மின்னிச் செறிவு கோபால்ட்டை நோக்கி நகர்கின்றது. மேலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வளி வந்து பற்றியதும் வெள்ளியின் பிடி தளர்கின்றது. சூடேற்றி அவ்வளியை ஓட்டினால் பழைய பிடி மீள்கின்றது. இசுட்டிடின் நிற்கும் இடத்தில் வெள்ளி நிற்கின்றது என்க! இதனையோ தாங்கி என்பது?

மாழையை நேரே தொடாத மூலக்கூறும் அதன் ஆட்சிக்குத் தப்புவதில்லை. அமெரிக்க நாட்டு இசுட்டான்போர்டில் கோல்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பும் செம்பும் பீனாலும் ஒருங்கமைந்த மூலக்கூற்றை நெடிய கரிமத் தொடர்களாலான படலத்தின்வழிப் பொன்மேல் பிணைத்தனர். எதிர்மின்னிகள் விரைந்து வரும் மின்முனையில் செம்பின் தேவை புலப்படவில்லை. வரவு மெல்லெனக் குறைந்தபோதுதான், அரைகுறை வினைப்பட்ட உயிர்வளிக் கூறுகள் கசியாமல் நீராக்குதற்கு அம்மூன்றும் வேண்டுமென்பது தெரிந்தது. மூலக்கூறு ஒன்றே, மின்முனையின் ஈகை வேறுபட, அதன் திறனும் வேறாய்த் தோன்றியது.

இது வெறுஞ்சொல் வழக்கன்று. எரிபொருள் மின்கலங்களில் விலைமிகுந்த வெண்பொன்னை விலக்கி, கோபால்ட்டு, இரும்பு மூலக்கூறுகளை அமர்த்தும் முயற்சி 1964-இல் யாசின்சுகி காட்டிய வழியில் இன்றும் தொடர்கின்றது. கரைசலில் சிறந்த மூலக்கூறு மின்முனையில் சோர்ந்தால், மூலக்கூற்றை மட்டும் திருத்த முனைவது காலக்கேடு. பரப்பும் ஊக்கியின் ஓர் உறுப்பென்று தொடக்கத்திலேயே கற்ற மாணாக்கன், கீழேயும் நோக்குவான்.

ஆகலின் ‘இணைதளம்’ எனலாமென்பது என் கருத்து. இதனினும் நற்சொல் கண்டவர் தருக, மகிழ்ந்தேற்பேன். மாழைக்குத் ‘தாங்கி’ மட்டும் வேண்டா.